அணைந்துவிட்டது என்று நம்பிய தீ

மருங்காபுரி பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் கடலை வயல் இருக்கிறது. காட்டை ஒட்டி யாரும் தீ வைக்கக் கூடாது என்று போன கோடையில் வனத்துறையினர் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். வரப்புப் புல்தானே என்று நானும் என் கணவரும் ஒரு நாள் காலையிலேயே கொளுத்தி, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

மதியம் பக்கத்து வயல் செல்வி போன் செய்தாள். "அக்கா, நீங்க அணைச்ச இடத்துல திரும்பப் புகையுது. காத்து வேற அடிக்குது, சீக்கிரம் வாங்க."

நாங்கள் போவதற்குள், வரப்பில் கிடந்த பனைமட்டைக்கு அடியில் கனன்றுகொண்டிருந்த நெருப்பு செல்வியின் வைக்கோல் போரைப் பிடித்து, மலையிலும் ஏறிவிட்டது. மாடுகளை அவள் அவிழ்த்துவிட்டிருந்தாள். ஊரே பச்சைத் தழையால் அடித்தும், தீ அடங்குவதற்குள் ஒரு சரிவு முழுவதும் கருகிப்போனது.

மறுநாள் செல்வியின் மாடுகளுக்கு எங்கள் கடலைக்கொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கி வைத்தவள், "எனக்குக் குடுத்திட்டீங்க. மலைக்கு என்னத்தக்கா குடுப்பீங்க?" என்றாள்.

இப்போது புல்லை அறுத்துக் குழியில் போட்டு மக்கவிடுகிறோம். கோடையில் யாராவது வயலில் தீ வைக்கப் போனால், கூச்சப்படாமல் போய் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மழை பெய்தும் அந்தச் சரிவு இன்னும் பச்சை கட்டவில்லை.