சராசரி ஆயுளும் காதரின் நிக்காஹும்

"காதரக் கூப்பிடுங்க சார்! அவனுக்கு என்ன சீக்குன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

ஒரு நாள் காலையில் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று இப்படிக் கத்தியவர் இஸ்மாயில் பாய். தெற்கு மாசி வீதியில் பூட்டு, தாழ்ப்பாள் வியாபாரம் செய்பவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷத்து சென்சஸுக்காக, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, மதுரையில் தற்காலிகமாகத் திறந்த ஆபீஸ் அது. வீடு வீடாக எடுத்த விவரங்களை ஆளுக்கொரு சீட்டில் எழுதி, வயதுவாரியாகப் பிரிப்பது எங்கள் வேலை. நான் சமயநல்லூரிலிருந்து வந்துபோவேன். காதர் எனக்குப் பக்கத்து மேஜை.

பாயின் மகள் பாத்திமாவுக்கும் காதருக்கும் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. முந்தின நாள் காதர் ஆள் அனுப்பி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. ஏதோ சீக்கை மறைக்கிறான் என்று பாய் நினைத்துவிட்டார்.

எங்கள் சூப்பரின்டெண்ட் ராகவன் பாயைச் சமாதானப்படுத்தி உள்ளே உட்கார வைத்தார். நான் காதரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன மாப்ள, உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. சார் மேஜைல ஆயுசுக் கணக்கு டேபிள் ஒண்ணு பாத்தேன். நம்ம நாட்டுல சராசரி ஆயுசு முப்பதுகூட இல்லையாம். எனக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. எங்க அத்தாவும் சின்ன வயசுலதான் மௌத்தானாரு. அதுக்கப்புறம் எங்கம்மா எம்புட்டுப் பாடுபட்டுச்சு தெரியுமா? அந்தப் புள்ளையவும் அப்படி விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

எனக்கு அவனைவிட ஒரு வயது கூட. அவனை நேரே ராகவனிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். பாயும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராகவன் சிரிக்கவில்லை. அந்த ஆயுள் டேபிளை எடுத்து எங்கள் முன்னால் விரித்தார்.

"நீ பாத்தது பிறந்த குழந்தைக்குப் போட்ட கணக்கு, காதர். ஒரே சமயத்துல ஆயிரம் குழந்தை பிறந்ததா வச்சுக்குவோம். ஒவ்வொரு வயசுலயும் எத்தனை பேர் மிச்சம்னு பாத்துக்கிட்டே வரணும். முதல் வரியிலயே எத்தனை பேர் போயிடுறாங்க பாரு. நடக்கறதுக்கு முன்னாடியே போன குழந்தையோட ஆயுசையும், எழுபது வயசு வரைக்கும் இருந்தவரோட ஆயுசையும் சேத்துக் கூட்டி வகுத்தா, சராசரி இப்படித்தான் இறங்கும். அந்த ஆபத்தையெல்லாம் நீ தாண்டி வந்துட்ட. உன் வயசுக்கு எதிர்ல என்ன போட்டிருக்குன்னு வாசி."

காதர் விரல் வைத்துத் தேடினான். இன்னும் எத்தனை வருஷம் என்ற கட்டத்தைப் படித்துவிட்டு, மறுபடியும் படித்தான்.

"இம்புட்டும் எனக்கு மிச்சமா சார்?"

"உன் வயசு ஆளுகளுக்குச் சராசரியா இத்தனை வருஷம். உனக்கு இவ்வளவுன்னு யாராலயும் எழுதித் தர முடியாது. ஆனா முப்பதுல முடியும்னு இதுல எங்கயும் சொல்லல."

இஸ்மாயில் பாய் விரித்திருந்த தாளின் மேல் குனிந்தார்.

"பாத்திமாவுக்கு முன்னால எனக்கு மூணு புள்ளைக. மூணும் தொட்டில்லயே போச்சு. அதுகளும் இந்தக் கணக்குல இருக்குமா சார்?"

"அந்த மாதிரிக் குழந்தைங்கதான் பாய் இந்த முதல் வரி."

அவர் அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு காதரைப் பார்த்தார்.

"என் மக இதத் தாண்டி வந்தவ. நீயும் தாண்டி வந்தவன். பெறகு எதுக்குப்பா பயப்படுற?"

காதர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டான். பாய் அவன் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அந்த இடைவெளியில் என் வயதுக்கு எதிரே போட்டிருந்ததையும் நான் பார்த்துக்கொண்டேன். அன்று மதியச் சோறு நன்றாக இறங்கியது.

நிக்காஹ் சொன்ன தேதியிலேயே நடந்தது. சென்சஸ் ஆபீஸை மூடிய பிறகு காதர் மாமனார் கடையிலேயே சேர்ந்துகொண்டான். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனேன். அங்கும் ஆயுள் கணக்குத்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சராசரி சொல்லும்போது, எந்த வயதிலிருந்து எண்ணியது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஊரைப் பற்றிச் சொல்வீர்கள். கேட்கிறவர் அதைத் தன்னைப் பற்றியதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.