போர்மன் கொண்டுவந்த மான் படங்கள்

எங்கள் சித்தப்பா மான் சுட்ட கதையை அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் யாராவது கேட்டிருக்கவில்லை என்றால், அவர் எங்கள் வீட்டு வாசல் பக்கமே வராதவர் என்று வைத்துக்கொள்ளலாம். அஜின்கோர்ட்டில் நாங்கள் இருந்த வீட்டின் ஹோலில், ரீவிக்கு நேர் மேலே, அம்மா சாமிப் படத்துக்கென்று பார்த்து வைத்திருந்த இடத்தில், அந்தப் போட்டோ தொங்கியது. செம்மஞ்சள் ஜக்கெற் போட்ட சித்தப்பா பனியில் முழந்தாளிட்டு இருக்கிறார். ஒரு கையில் துவக்கு. மற்றக் கை மானின் கொம்பைப் பிடித்திருக்கிறது. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. தன்னுடைய கனடா சிற்றிசன் படத்துக்குக்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

வந்தவர் சப்பாத்தைக் கழற்ற முன்னமே சித்தப்பா படத்தின் கீழே போய் நின்றுவிடுவார். பிறகென்ன, கதைதான். முதல் கிழமை சொன்னபோது அந்த மான் பக்கத்துப் பற்றைக்குள் நின்றது. அடுத்த கிழமை மேட்டுக்கு அந்தப் பக்கம் போனது. மூன்றாம் கிழமை ஒரு குளத்தின் அக்கரையில் நின்றபடி சித்தப்பாவை முறைத்துப் பார்த்தது. எனக்கு எட்டு வயது. கதையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். அவர் எதையாவது விட்டுவிட்டால், "சித்தப்பா, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைச் சொல்லேல்லை" என்று எடுத்துக் கொடுப்பேன். அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்துக் குப்பை வாளியை வெளியே வைக்கப் போவார். நிரம்பாத வாளியையும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

சித்தப்பா எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்தார். யன்னல் செய்யும் ஃபக்ரறியில் வேலை. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரர்கள் நவம்பர் வந்தால் வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்ததும் சாப்பாட்டு அறைச் சுவரில் மானும் தாங்களுமாகப் படங்களை ஒட்டி, மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தந்தப் படத்தின் கதையைச் சொல்வார்கள். சித்தப்பா பல வருடமாக அந்தச் சுவரைப் பார்த்தபடியே சோறு தின்றவர். சுவரில் படம் இல்லாதவன் அங்கே ஆளே இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். அம்மா கட்டிக் கொடுத்த இறைச்சிக் கறியை ஒருநாள் வேலையை மேற்பார்க்கும் போர்மனுக்குக் கொடுத்தார். மனுசன் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, இந்த முறை நீயும் வா என்றார். அப்படித்தான் சித்தப்பா காட்டுக்குப் போனார், படத்தோடு வந்தார்.

அந்தக் காலத்தில் அவருக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைவிட, குழம்பிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு இடம் சாதகம் பொருந்தவில்லை, ஒரு இடம் பேஸ்மென்ற் பொருந்தவில்லை. முன்தலையில் வழுக்கையும் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. கடைசியாக பார்க்டேலில் இருந்து ஒரு இடம் வந்தது. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் அக்கா. சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். சித்தப்பா அவரை ஒரு கலியாண வீட்டில் பந்திக்கு அந்தப் பக்கம் கண்டிருந்தார். கண்ட நாளில் இருந்து சேட்டு இஸ்திரி போடத் தொடங்கினார். இதுவும் தட்டிப்போனால் இனி ஒன்றும் வேண்டாம், தன் பெயரில் ஒருவரும் சாதகம் தூக்கித் திரியத் தேவையில்லை என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டார். பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை இருக்கும் வீட்டைத் தானே வந்து பார்க்க வேண்டுமென்றார். அவர் பழுத்த சைவம். முட்டை போட்ட கேக் வெட்டும் வீட்டில் தண்ணீரும் குடிக்காதவர். அம்மா நல்ல நாள் பார்த்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் வரச் சொன்னாள். வீடு கழுவி, சாம்பிராணி போட்டு, கடைசியாக ரீவிக்கு மேலே பார்த்தாள். "உதை முதல்லை கழட்டு. மனுசன் கண்டால் படியிலேயே திரும்பிப் போயிடும்" என்றாள். சித்தப்பா மானைக் கழற்றி என் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அந்த இடத்தில் முருகன் ஏறினார்.

அவர்கள் வந்தார்கள். தகப்பனுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனபடியால் பார்க்க வேண்டிய பெண்ணே தாய் தகப்பனை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டி வந்திருந்தார். சேலைக்கு மேலே குளிர்க் கோட்டு, கையில் கார்த் திறப்பு. உள்ளே வந்து, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் தலையைக் குனிந்தார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. தகப்பன் முருகனைக் கண்டு நெற்றியில் கை வைத்தார். வடை பிடித்தது. சித்தப்பா ஒவ்வொரு கேள்விக்கும் "ஓம் ஐயா" என்றார். அந்த நேரம்தான் பெல் அடித்தது. நான் ஓடிப்போய்த் திறந்தேன்.

கதவை அடைத்துக்கொண்டு போர்மன் நின்றார். ஒரு கையில் பெரிய கூலர், மறு கையில் கடித உறை. இறைச்சி வெட்டுகிறவன் இன்றைக்குத்தான் பங்கு பிரித்துத் தந்தான், வேலை முடிந்து நேரே கொண்டுவருகிறேன் என்றார். கூலரின் மூடி இடுக்கில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அம்மாவின் வாயில் இருந்து "ஐயோ என்ரை முருகா" மட்டும் வந்தது. அப்பா பாய்ந்து கூலரை வாங்கி வாசற்படியிலேயே வைத்தார். ஆனால் ஆளை எப்படி வாசற்படியில் வைப்பது? விருந்தாளிகளைக் கண்டதும் போர்மனுக்கு இன்னும் சந்தோஷம். இவ்வளவு சனம் இருக்கிறது, படங்களை எல்லோரும் பார்க்கலாம் என்று சோபாவில் பெண்ணின் தகப்பனுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

உறையில் புதிதாகக் கழுவிய படங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கதையைச் சொல்லி, கைமாற்றி விட்டார். காட்டுக்குள் கட்டின குடில். பெரிய சட்டியில் சித்தப்பா கறி கிளறுகிறார். அவர் கறியின் மணத்துக்கு மான் மட்டுமல்ல, நரியும் ஓடிவிட்டது என்று போர்மன் சொல்லிச் சிரித்தார். தகப்பனுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. "என்னவாம்?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"காட்டிலை நான்தானாம் முக்கியமான ஆள்" என்றார் சித்தப்பா.

அந்த ஹோலில் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும். அம்மாவுக்குப் போதிய அளவு தெரியும். எனக்கு என்னுடைய தமிழைவிட நன்றாகத் தெரியும். அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆனால் சித்தப்பாவுக்கு அந்த நிமிடம் உலகத்தில் பெண்ணின் தகப்பன் ஒருவர்தான் இருந்தார்.

மூன்றாவது படத்தை எடுத்ததும் போர்மனின் சிரிப்பு நின்றது. அதில் சித்தப்பாவின் கையில் துவக்கு இல்லை. பனியில் சப்பாணி கட்டி இருக்கிறார். மானின் தலை அவர் மடியில். சுடுதண்ணிப் போத்தலின் மூடியை அதன் வாயில் வைத்துப் பிடித்திருக்கிறார். தூரத்தில் இருந்து எடுத்த படம்.

போர்மன் மெதுவாகச் சொன்னார். எங்களில் ஒருவனுடைய வெடி சரியாகப் படாமல் மான் காயத்தோடு ஓடிவிட்டது. இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனோம். விறகு பொறுக்கப் போன இவன் எங்களுக்கு முன் அதைக் கண்டுவிட்டான். நாங்கள் போனபோது இப்படித்தான் இருந்தான். தண்ணீர் பருக்கிப் பருக்கி, தன் பாஷையில் ஏதோ அதனோடு கதைத்துக்கொண்டிருந்தான். அது அடங்குமட்டும் நாங்கள் ஒருவரும் கிட்டப் போகவில்லை. துவக்கோடு இருக்கும் மற்றப் படம் பிறகு பகிடிக்கு எடுத்தது, துவக்கு என்னுடையது. இதுதான் படம். இதை ஃபக்ரறிச் சுவரில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை, வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தேன்.

எனக்குக் காது அடைத்தது. குளம் இல்லை, மேடு இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை! விறகு பொறுக்கினாராம்! நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அப்பா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர்ப் பைப்பைத் திறந்து விட்டதும், அது நிற்காமல் ஓடுவதும் கேட்டது.

"என்னவாம் தம்பி?" என்றார் தகப்பன்.

சித்தப்பா படத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் அவருக்கு வாய்த்திருக்காது. சுடவில்லை ஐயா, சாகிற உயிருக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்றால் அந்த மனுசன் அங்கேயே தாம்பூலம் மாற்றியிருப்பார்.

"மான் விழுந்த பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு கணிக்கிறது, ஐயா. நான் ஒரே வெடியிலை விழுத்தினதெண்டு சொல்லுறார்."

தகப்பனின் முகம் கறுத்தது. கையில் இருந்த பாதி வடையைத் தட்டில் வைத்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா உயிர்க்கொலைக் கதை கேக்க வேண்டிக் கிடக்கு" என்று மனைவியைப் பார்த்து, கோட்டை எடு என்று கண்ணைக் காட்டினார். அம்மா கையைப் பிசைந்தாள். சித்தப்பா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அப்போதுதான் அந்த அக்கா கையை நீட்டினார். "படத்தை ஒருக்காத் தாங்கோ."

வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வந்ததில் இருந்து முதல் தடவையாகச் சித்தப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"குடிச்சதோ?"

குசினியில் பைப் நின்றது.

"ஓம்" என்றார் சித்தப்பா. "கொஞ்சம் குடிச்சது."

"என்ன குடிச்சது? ஆர் குடிச்சது?" என்றார் தகப்பன்.

அம்மா பாய்ந்து விழுந்து சொன்னாள்: "தேத்தண்ணி, அண்ணை. வந்தவர் குடிச்சவரோ எண்டு பிள்ளை கேக்கிறா."

"அதுக்கு வீடு தேடி வந்த மனுசனை அது இது எண்டே சொல்லுறது?" என்று தகப்பன் மகளைக் கடிந்துகொண்டார். அக்கா படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் எல்லோரும் சப்பாத்தில் கால் நுழைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, எனக்கு ஓம்" என்றார். ஒற்றைக் காலில் நின்ற தகப்பன் சுவரைப் பிடித்தார். கொலைகாரனையோ என்று அவர் கேட்பதற்குள் அக்கா போய்க் காரை ஸ்டார்ட் செய்துவிட்டார். அவர்தான் இன்றைக்கு என் சித்தி. கார் போனதும், ஒன்றும் விளங்காத போர்மனின் கையைப் பிடித்து அம்மா குலுக்கினாள். வடை முழுவதையும் அவருக்கே கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

பிறகுதான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். இந்தாளுக்கு ஏன் இந்தக் கொலைகார வேஷம்?" என்று கேட்டுக்கொண்டு திரும்பினாள். சித்தப்பாவைக் காணவில்லை. அப்பாவையும் காணவில்லை.

பேஸ்மென்ற் படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சித்தப்பா முகத்தைக் கையால் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. அப்பா அவர் முதுகில் கை வைத்திருந்தார். அப்பாவின் கண்ணும் நிறைந்திருந்தது. ஆம்பிளைகள் இரண்டு பேர் சேர்ந்து அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

நான் வளர்ந்து, பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். ஊரில் சண்டை வந்து, சனம் முழுவதும் ஒரே றோட்டால் இடம்பெயர்ந்து நடந்தபோது, தங்கள் தகப்பனை, என் அப்பப்பாவை, சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனவர் சித்தப்பா. அப்பா அப்போது இங்கே பார்க்டேலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வழியில் அப்பப்பா தண்ணீர் கேட்டிருக்கிறார். ஒரு மரத்தின் கீழே படுக்க வைத்துவிட்டுச் சித்தப்பா தண்ணீர் தேடிப் போனார். அவர் போத்தலோடு திரும்பி வந்தபோது, பக்கத்தில் நின்ற சனம் அப்பப்பாவின் முகத்தைச் சால்வையால் மூடியிருந்தது. ரெலிபோனில் அப்பாவிடம், தண்ணி குடிச்சிட்டுத்தான் கண்ணை மூடினவர் என்று சித்தப்பா சொன்னார். அப்பாவுக்கு வேறு ஆட்கள் மூலம் உண்மை முன்னமே தெரியும். ஆனாலும் தம்பி சொன்னதை நம்பினதாகவே அத்தனை வருடமும் இருந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. மான் செத்ததற்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். பொய் சொன்ன கோபம்கூட எனக்குப் போய்விட்டது. படியில் இறங்கி, இருவருக்கும் நடுவில் புகுந்து இருந்துகொண்டு, சித்தப்பாவின் கையை முகத்தில் இருந்து விலக்கினேன்.

"அழாதேங்கோ சித்தப்பா" என்றேன். "அது குடிச்சதுதானே."