இடது பக்கத்துப் பின்சக்கரம்

நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று படித்தவர்கள் இன்னும் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருப்பதற்கு ஒரே காரணம், மில்லி அக்காவை ஒரு தடவைகூட ஏணி வைத்து மேலே ஏற்றிவிடாததுதான். ஏற்றியிருந்தால் ஒரு கண்ணை மூடி, நாக்கை ஓரமாகக் கடித்து, ரெண்டு மில்லிமீட்டர் கூடச் சொல்லியிருக்கிறார்கள் என்று திருத்திவிட்டு, இறங்கி வந்து ஆறிப்போன தேநீரைக் குடித்திருப்பார். அவர் முறைத்தால் இரும்பு சுருங்கும். அவரைக் கேட்காமல் காற்று எந்த டயருக்குள்ளும் நுழையாது.

இதில் பாதி புளுகு. மீதிப் பாதியை அந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பத்தொன்பது வயதில் டயர் கடையில் ரசீது எழுதப் போனவர். கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு வாரம் ரசீதுப் புத்தகத்தை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. இப்போது நாற்பத்தெட்டு வயது. கடை அவருடையது. ஒரு கார் நின்றால் இன்னொரு காருக்கு இடமில்லாத, சந்து மாதிரி நீண்ட கடை. பட்டப்பெயர் வந்த கதை சின்னது. ஒரு வண்டிக்காரர், "சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒரு விரல் இடம் இருக்கு, போதும்" என்றாராம். இவர் நிமிராமலே, "விரல் யாரோடது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மில்லி அக்கா.

வீட்டிலும் அதே தொல்லை. சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைத் திருத்தாமல் அவரால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. தம்பி மகளைக் கதவு நிலையில் நிறுத்தி உயரம் குறிக்கும்போது, தலைமுடியின் கனத்தைக் கழித்துவிட்டுத்தான் கோடு போடுவார். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்துகொண்டிருந்த வருஷத்தில் அந்தப் பெண் மட்டும் மூன்று மில்லி குறைந்தாள்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளக்காமல் எழுதினார்.

தம்பிக்கு அச்சகத்தில் வேலை. அவரிடம் ஒரு பழைய கார் உண்டு. அவரைவிட வயதில் மூத்தது, பாலேடு நிறம், நாலு கதவு. அதைத் தாழ்த்திவிட வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. வண்டி தரையோடு ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கணும் என்பார். முன்பக்கச் சுருள்வில்லில் ஒரு வளையத்தை வெட்டினார். பின்பக்க அச்சுக்கும் அதைத் தாங்கும் பட்டைவில்லுக்கும் நடுவே இரண்டு அங்குலக் கட்டையைச் செருகினார். வண்டி இறங்கி உட்கார்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். அகலமான டயர் போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று அக்காவின் கடைக்குக் கொண்டுவந்தார். இருநூற்றைந்து மில்லி அகலம்.

அன்றைக்கு வெளியே மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வண்டியை இடது சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். மில்லி அக்கா வலது பின்சக்கரத்தின் மேல் வளைவுக்குள் கையை விட்டு அளந்தார். தகரத்தின் உள்மடிப்புக்கும் டயருக்கும் பதினாலு மில்லி. இடது பக்கம் கை நுழையவில்லை. வண்டியை நகர்த்தச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நோட்டில் வலது பதினாலு என்று எழுதி, பக்கத்தில் இடதுக்கும் பதினாலு என்று எழுதினார். பழைய வண்டிகளில் பின் அச்சு நட்ட நடுவில் நிற்காது, ஒரு பக்கம் ஒதுங்கித்தான் கிடக்கும் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பவர் அவர்தான்.

மூன்று வாரம் கழித்து, அச்சகத்து ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தம்பி ஒரு இறக்கத்தில் திரும்பினார். வண்டி பள்ளத்தில் இறங்கி அமுங்கியது. உள்மடிப்பு, தகர டப்பாவைத் திறக்கிற கத்தி மாதிரி, இடது பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. வண்டி மதிலில் போய் மோதியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. தம்பிக்கு இடது முழங்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. எட்டு மாதம் கட்டிலில். இப்போது தடி இல்லாமல் நடக்க முடியாது. கேட்டவர்களிடமெல்லாம், நான்தான் வேகமாகப் போனேன் என்றே சொன்னார்.

இழுத்துக்கொண்டு வந்து போட்ட வண்டியை மில்லி அக்கா தனியாகப் போய்ப் பார்த்தார். இடது வளைவுக்குள் கையை விட்டார். உள்மடிப்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. மூன்று வாரமும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அச்சிலிருந்து அளந்தார். எட்டு மில்லி வித்தியாசம். பதினாலில் எட்டு போனால் ஆறு. அந்த ஆறை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

அதற்கப்புறம் எந்த வண்டியானாலும் இரண்டு பக்கமும் மூன்று தடவை அளந்தார். சைக்கிளைக்கூட அளப்பார் என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். தாழ்த்திய வண்டி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மதிலில் நசுங்கிய முன்பக்கத்தை நிமிர்த்தி எடுத்ததிலிருந்து தம்பி ஐந்து முறை கேட்டுவிட்டார், என் வண்டிக்கு டயர் போட்டுக் கொடு அக்கா என்று. ஐந்து முறையும் ஐந்து காரணம். சரக்கு வரவில்லை, இயந்திரம் பழுது, கடையில் வெள்ளையடிப்பு, முதுகுவலி, மறுபடியும் முதுகுவலி. வேறு கடைக்குப் போ என்றால் தம்பி போகவும் மாட்டார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியபின் தம்பி மனைவி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சாயங்காலமானால் தன் கணவர் கொட்டகைக்குள் போய் அந்த வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். மருத்துவர் ஓட்டலாம் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறதாம்.

"பழைய இரும்பு வாங்குறவர் திங்கக்கிழமை வர்றார், அண்ணி. அதுக்குள்ள நீங்க டயர் போட்டு, நாங்க மூணு பேரும் அதுல ஏறி ஒரு சுத்து வந்துட்டா, வண்டி இருக்கட்டும். உரசுற சத்தம் ஒண்ணு கேட்டாலும் போகட்டும். ரெண்டும் இல்லாம என்னால இருக்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடன் வாங்கிய சக்கரங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மில்லி அக்கா அதைக் கடைக்குள் விடவில்லை. இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற மாதிரி தெரு நடுவில் நிறுத்தினார். தம்பி முக்காலியில் உட்கார்ந்து தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

கடைக் கதவில் சாக்கட்டியால் மில்லி அக்கா எழுதினார்: 205/60. அதன் கீழே 195/60, 185/60, 175/65. முதல் எண் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது. நூற்றெண்பத்தைந்து போட்டால் பக்கத்துக்குப் பத்து மில்லி அகலம் குறையும், சுவர் பன்னிரண்டு மில்லி தாழும். மேலேயும் இடம் கிடைக்கும், பக்கத்திலும் இடம் கிடைக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் சாக்கட்டியைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனார்.

"நூத்தியெழுபத்தஞ்சா?" என்றார் தம்பி. "கொக்குக் காலுல நிக்கிற மாதிரி இருக்கும்க்கா. நூத்தித் தொண்ணூத்தஞ்சு போடு."

"தொண்ணூத்தஞ்சு போட்டா இடது பக்கம் பதினொண்ணுதான் நிக்கும். ஆள் ஏறினா பத்தாது."

"வலது பக்கம்?"

"பத்தொம்போது."

தம்பி சிரித்தபடி, அதென்ன இடது பக்கத்துக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று கேட்டார். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். அச்சகத்துக்காரர் இல்லையா, எண்களைத் தலைகீழாகவும் படிக்கத் தெரிந்தவர். அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

மில்லி அக்கா சாக்கட்டியைக் கீழே வைத்தார். விரல்களைத் துணியில் துடைத்தார். துடைத்த விரல்களையே மறுபடியும் துடைத்தார்.

"அன்னைக்கு நான் வலது பக்கம் மட்டும்தான் அளந்தேன்."

தெருவில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் நின்றது. தம்பி தடியின் நுனியால் தரையில் ஒரு புள்ளியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சுவத்தோட ஒட்டி நிறுத்தினது நான்தானே."

"நீ நிறுத்தின. நகத்துடான்னு நான் சொல்லல. அளக்காத பக்கத்துக்கும் நோட்டுல எழுதினேன்."

"ரெண்டு வருஷமா இதுக்கா முதுகுவலி?"

"முதுகும் வலிச்சுது."

தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கோபப்பட்டாரா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் அந்தப் பாலேடு நிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அளவு உன் இஷ்டம் என்றார். மில்லி அக்கா மறுபடியும் கடைசி வரியைத் தொட்டார். தம்பி தலையை ஆட்டினார்.

"எழுபத்தஞ்சு போடணும்னா போடுக்கா. ஆனா அளந்துட்டுப் போடு. பயந்துட்டுப் போடாத."

கணக்கு நூற்றெண்பத்தைந்தைத்தான் சொன்னது. கணக்கில் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். கணக்கை எழுதிய கையைத்தான் அவர் நம்பவில்லை. கடைசியில், நாலு சக்கரத்திலும் நூற்றெண்பத்தைந்தைப் பூட்டினார். கண்ணாடிக்காரர்கள் பூசும் மெத்தென்ற புட்டிச் சாந்தை உருட்டி, ஒவ்வொரு வளைவின் உள்மடிப்பிலும் இருபத்தைந்து மில்லி கனத்துக்கு ஒட்டினார். டயர் வந்து அமுக்கினால் புட்டி நசுங்கும். நசுங்கியபின் மிஞ்சுகிற கனம்தான் உண்மையான இடைவெளி. நூற்றெண்பத்தைந்துக்கு இடது பக்கம் நிற்கிற பதினாறில் ஆள் பாரத்துக்கு ஐந்து போனால் பதினொன்று மிஞ்ச வேண்டும் என்று நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்தார்.

ஓட்டுகிற இடத்தில் தம்பி. பக்கத்தில் மனைவி. பின்னால் வலது பக்கம் நாலாவது ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை. பின்னால் இடது பக்கம் தம்பி மகள். மிகவும் பொறுப்பான பெண். ஞாயிற்றுக்கிழமையிலும் புத்தகப்பையை விட்டுப் பிரியாமல் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி சாவியைத் திருப்பினார். இடது கால் கிளட்சை மிதிக்கும்போது தாடை இறுகியது. வண்டி நகர்ந்தது. மில்லி அக்கா இடது பின்சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தார், தகரத்திலிருந்து ஒரு விரல் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடலாமா வேண்டாமா என்று நிற்கிறவர் மாதிரி. தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கி அமுங்கியது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை இடது பக்கம் ஒடிக்கச் சொன்னார். வலது பக்கம் ஒடிக்கச் சொன்னார். பின்னால் வரச் சொன்னார். இன்னொரு தடவை வேகத்தடை. எங்கேயும் சத்தமில்லை. தம்பி மனைவி கண்ணாடி வழியாக அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வாசலில் வண்டி நின்றதும், யாரும் இறங்கக்கூடாது என்றார் மில்லி அக்கா. முழங்காலிட்டுப் புட்டியைக் கத்தியால் கீறி எடுத்து அளந்தார். வலது பக்கம் நோட்டில் எழுதியபடியே இருந்தது. இடது பக்கம் ஒன்பது. மறுபடி அளந்தார். ஒன்பது.

"ரெண்டு மில்லி காணோம்."

தம்பி சன்னல் வழியாகத் தலையை நீட்டி, உரசவில்லையே அக்கா, ஒன்பது இருக்கிறதே என்றார். அது மில்லி அக்காவின் காதில் விழவில்லை. எண் அவரை மறுபடியும் ஏமாற்றிவிட்டது என்றே அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. கண்கள் சாக்கட்டிக் கடைசி வரிக்குப் போயின. தம்பி மனைவி இறங்கக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று மில்லி அக்கா ஸ்கேலைத் தரையில் ஊன்றி, தரைக்கும் வளைவுக்கும் உள்ள உயரத்தை அளந்தார். வலது பக்கம் போய் அளந்தார். திரும்பி வந்து இடது பக்கம் அளந்தார். ஏறியிருக்கும் ஆட்களின் எடையைப் பார்த்தால் இடது பின்மூலை ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். நாலு மில்லி கீழே நின்றது.

அவர் நிமிர்ந்து பின்சன்னல் வழியாகத் தம்பி மகளைப் பார்த்தார். அந்தப் பெண் எதிர்வீட்டு மாடியில் ஏதோ அதிசயத்தைக் கண்டவள் போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பையில் புத்தகம் இல்லை. சக்கரம் ஆடாமல் சுழல மாட்டி, பிறகு கழித்துப் போட்ட ஈயத் துண்டுகள் இருந்தன, கடையின் பின்பக்கத் தகர டின்னிலிருந்து எடுத்தவை. அவ்வளவு பாரத்தையும் ஏற்றி உரசாமல் போனால், அத்தை அப்புறமாவது ராத்திரியில் எழுந்து உட்கார மாட்டாள் என்று யாரோ ஒரு முட்டாள் போட்ட கணக்கு.

மில்லி அக்கா கதவைத் திறந்தார். பையின் வாரைப் பிடித்து ஒரு அங்குலம் தூக்கிப் பார்த்தார். அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அப்படியே குனிந்த மேனிக்கு, அந்த ஒன்பதையும் இந்தப் பாரத்தையும் மனசுக்குள் சேர்த்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்க் கதவில் இருந்த 175/65-ஐ உள்ளங்கையால் அழித்தார்.

தம்பி இஞ்சினை மறுபடி உயிர்ப்பித்தார்.

"எவ்வளவு வச்ச?" என்றார் மில்லி அக்கா, பின்சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

"இருபது கிலோ, அத்தை."

"பதினெட்டுதான். தூக்கும்போதே தெரிஞ்சுது. ரெண்டு கூட்டிச் சொல்ற பழக்கம் உனக்கு எப்பவும் உண்டு."