பீச்சாங்கைக் காப்பு

போன வாரம் ரங்கூன் தின்கன்ஜூன் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நந்தாவின் குரல் வந்தது. நேரில் இல்லை, கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பிய குரல். ஆள் ஜப்பானில் இருக்கிறான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"மாப்ளே, நல்லா இருக்கியா? நாம ஆடுன போட்டோ ஒண்ணு ஒங்கிட்ட இருக்குமே, அத அனுப்புடா. என் மகன் இங்க ஸ்கூல் டீம்ல ஆடுறான். நானும் கேட்சரா இருந்தேன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறான். பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத."

வேறு எங்கே வைத்துக்கொள்வதாம்? கிண்ணத்தைக் கிட்டே இழுத்தேன். மீன் சாற்றிலிருந்து மஞ்சள் வாசனை மேலே வந்தது. எனக்கு மஞ்சள் வாசனை என்றாலே இடது மணிக்கட்டு அரிக்கும். பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்த நல்ல மொஹிங்காவையும் அவன் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியவன். ரங்கூனில் பேஸ்பாலா, அதுவும் தமிழனா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், என் மாமனாரும் பெண் கொடுக்கும்போது இப்படித்தான் சிரித்தார். பந்து தரையில் குத்தாமல் போகும் கிரிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மண்மேட்டில் நின்று எறிகிறவன் பிட்ச்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன் கேட்சர். வேகப்பந்தா, மெதுவானதா, வளைவா என்று கேட்சர் விரலால் ஜாடை காட்டுவான், பிட்ச்சர் அப்படியே போடுவான். புருஷன் பெண்டாட்டிபோல இரண்டு பேருக்கும் நடுவில் ரகசியம் இருக்கக் கூடாது. நான் பிட்ச்சர், நந்தா என் கேட்சர், இரண்டு பேரும் ஒரே தெரு.

எனக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் அம்மா கரண்டிக் காம்பால் போடுவாள். "பீச்சாங்கையால அள்ளுறியே, வெளங்குமாடா?" என்பாள். விளங்கியது. இடது கைக்காரன் எறியும் பந்து மட்டைக்காரனுக்குப் பழக்கமில்லாத பக்கத்திலிருந்து வரும், திணறுவான். போட்டாதாங்கில் அரிசிக் கிடங்கு வைத்திருந்த பர்மாக்கார முதலாளிக்கு இந்த ஆட்டத்தில் பைத்தியம். அவர் சொந்தமாக ஒரு அணி வைத்திருந்தார். என்னைக் கிடங்கு குமாஸ்தா என்று எழுதிக்கொண்டு மாதச் சம்பளம் கொடுத்தார். நான் ஒரு மூட்டையைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை. முதல் சம்பளம் வந்ததும் அம்மா என் இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கரண்டிக் காம்பை அத்தோடு மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. மறதி என்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வராத வியாதி.

அந்தக் கையின் தோள் ஒரு மழைக்காலத்தில் பிசகியது. சீப்பைத் தூக்கினால்கூட உயிர் போனது. சரியானால் மகன் பூக்குழி இறங்குவான் என்று அம்மா எங்கள் தெரு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, நெருப்பு எனக்கு. தோளும் சரியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஜப்பானிலிருந்து ஒரு கம்பெனி அணியின் ஆள் வரப்போவதாகச் செய்தி வந்தது. எங்கள் ஆட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு பிட்ச்சரை ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போவாராம். எங்கள் அணியில் பிட்ச்சர் இரண்டு பேர், நானும் நந்தாவின் தம்பியும். தம்பி சுமாராக எறிவான். இப்போது நினைத்தால், சுமார் என்று சொன்னதுகூடத் தாராளம்.

தேர்வு ஆட்டமும் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தன. பூக்குழி இறங்குகிறவன் முன்னாலேயே காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கிழங்கு கோத்த நூல், ஆண்களுக்கு வலது மணிக்கட்டில். நெருப்பில் இறங்கி முடிகிறவரை கழற்றக் கூடாது. பேஸ்பாலில் இன்னொரு சட்டம்: எறிகிற கையில் பிட்ச்சர் எதுவும் கட்டியிருக்கக் கூடாது, கடிகாரம்கூட. எனக்குக் கவலையே இல்லை. நான் எறிவது இடது கையால், வலது கையில் தோல் கையுறை மாட்டியிருப்பேன். காப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பூசாரி நூலை எடுத்து என் வலது கையைப் பிடித்தபோது, பக்கத்தில் நின்ற நந்தா அம்மாவிடம் குனிந்தான். "அத்தே, நீங்க வேண்டிக்கிட்டது எந்தக் கைக்கு? அந்தக் கையில கட்டாம இன்னொரு கையில கட்டுனா ஆத்தா ஏத்துக்குவாளா?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அதானே! அவன் சொல்றது நாயந்தானே, சாமி. அந்தக் கையிலேயே கட்டுங்க."

"பீச்சாங்கையிலயா?" என்று பூசாரி முகம் சுளித்தார். அம்மா விடவில்லை. நான் நந்தாவைப் பார்த்தேன். அவன் என் தோளில் தட்டி, "நீளக் கை சட்ட போட்டுக்க மாப்ளே. அம்பயர் எங்க பாக்கப் போறாரு? நான் இருக்கேன்ல," என்றான். இருந்தான், மறுக்கவில்லை.

தேர்வு அன்று மேட்டில் ஏறி நின்றேன். ஜப்பான்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார். முதல் பந்தை நான் எறியவே இல்லை. அம்பயர் கோ மின் நேராக என்னிடம் நடந்து வந்து, இடது சட்டைக் கையை மடக்கு என்றார். மற்ற இடம் எதையும் பார்க்கவில்லை, இடது கையைத்தான் கேட்டார். அந்த நூல் அங்கே இருப்பது அம்மாவுக்கும் பூசாரிக்கும் எனக்கும் நந்தாவுக்கும்தான் தெரியும். யார் சொன்னது என்று கேட்டேன். கோ மின் நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. திரும்பி நந்தாவைப் பார்த்தார்.

நந்தா முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கையில் கத்தரிக்கோல். பேஸ்பால் ஆட எவன் கத்தரிக்கோல் கொண்டுவருவான்? "வெட்டிரு மாப்ளே, சாமி ஒண்ணும் கோச்சுக்காது," என்றான்.

வெட்டினால் ஜப்பான். அம்மா மைதானத்துக்கு வெளியில் எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வெட்டவில்லை. மேட்டை விட்டு இறங்கினேன், நந்தாவின் தம்பி ஏறினான். அவனைத்தான் அழைத்துப் போனார்கள்.

பூக்குழியில் இறங்கும்போது எல்லோரும் ஊர் நல்லா இருக்கணும், பிள்ளை குட்டி நல்லா இருக்கணும் என்று வேண்டுவார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தாயே, அவனை ஒரு தடவை கையில் மட்டையோடு என் முன்னால் நிறுத்து. காலில் சூடே தெரியவில்லை. பக்தி என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். அது பக்தி இல்லை, ஆத்திரம்.

அதன் பிறகு தினமும் கிடங்குச் சுவரில் கரியால் ஒரு மூஞ்சி வரைந்து அதன் மூக்கைக் குறிபார்த்து எறிந்தேன். யாருடைய மூஞ்சி என்று முதலாளி கேட்கவில்லை. என் எறி மட்டும் நாளுக்கு நாள் தேறியது. நல்ல பயிற்சியாளரை விட நல்ல விரோதி மேல் என்பது என் அனுபவம்.

மாரியம்மன் என்னைக் கைவிடவில்லை. நந்தா வேறு அணிக்குப் போய், ஒரு நாள் மட்டையோடு என் முன்னால் வந்து நின்றான். மண்டையைக் குறிவைப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவனும்தான். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சத்தமாகச் சொன்னேன்: "நந்தா, இப்ப வேகமா, நேரா வருது."

சொன்னபடியே போட்டேன். பொய் சொல்கிறேன் என்று அவன் மெதுவான பந்துக்குக் காத்திருந்தான். பந்து அவனைத் தாண்டிப் போயிற்று.

"அடுத்தது மெதுவா வரும்."

மெதுவாகவே போட்டேன். அவன் வேகத்துக்கு மட்டையை வீசி, காற்றை அடித்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். அன்றும் கோ மின்தான் அம்பயர். என்ன மந்திரம் சொல்கிறாய் என்று பர்மியில் கேட்டார். மந்திரமேதான் என்றேன்.

மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட். மூன்றாவது தடவை இடது கையை உயர்த்தி, மணிக்கட்டை அவனுக்குக் காட்டினேன். "ஒம்மேல படாது. நட்ட நடுவுல வருது. மாரியாத்தா மேல சத்தியம்."

பந்து என் கையை விட்டதுமே அவன் மண்டையைப் பொத்திக்கொண்டு சேற்றில் விழுந்தான். பந்து நட்ட நடுவில் போனது. மைதானமே சிரித்தது. தன்னைப் போலத்தான் எல்லோரும் என்று நினைக்கிறவனை வீழ்த்த உண்மையைச் சொன்னாலே போதும். நான் ஆடிய காலத்தில் எத்தனையோ பேரை வீழ்த்தியிருக்கிறேன். இனித்தது அந்த ஒன்றுதான். "இன்னுமா அதையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்று என் மனைவி கேட்பாள். ஆமாம், இன்னும்தான்.

தம்பி ஜப்பானில் ஆட்டம் எடுபடாமல் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். பிறகு அண்ணனையும் அங்கே அழைத்துக்கொண்டான். முதலாளி கிடங்கை விற்றுவிட்டுப் போனார். அணி கலைந்தது. கோ மின் இறந்துவிட்டார், அம்மாவும். மைதானத்தைத் தகரம் அடித்து மறைத்தார்கள். தகரத்தைப் பிரித்தபோது உள்ளே அடுக்குமாடி நின்றது. கீழே காவல்காரப் பையனிடம், இங்கேதான் பந்தெறிந்தேன் என்று ஒரு நாள் சொன்னேன். ஃபுட்பாலா மாமா என்று கேட்டான்.

மிஞ்சியது அந்தப் போட்டோ ஒன்றுதான். பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான் மேட்டில் கையை ஓங்கி நிற்கிறேன். எதிரே நந்தா முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரிக்கிறான். நல்ல கேட்சர், அதையும் சொல்லத்தான் வேண்டும். சொந்தத் தம்பியின் சாட்சி செல்லாது. இதைவிட்டால் அவன் ஆடினான் என்பதற்கு இந்த உலகத்தில் சாட்சி நான் ஒருவன். பிறந்ததிலிருந்து அவன் சொன்ன உண்மையே கொஞ்சம், அதையும் பெற்ற பிள்ளை நம்பவில்லையாம்.

போட்டோவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு நானும் ஒரு குரல் பதிவு அனுப்பினேன்.

"போட்டோ இருக்கு நந்தா. பத்திரமா இருக்கு. அனுப்ப மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியம்."

இந்தத் தடவையாவது நான் சொல்வதை அவன் நம்ப வேண்டும்.