பழைய காருக்கு வந்த ரேடியோ

அப்போது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீதிக்கு மின்சாரம் வந்து வெகுநாளாகியும், சுவரில் துளை போட்டு ஒயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. திருச்சியில் ரேடியோ நிலையம் தொடங்கியபின் சாயங்காலமானால் பக்கத்து வீடுகளிலிருந்து கச்சேரி கேட்கும். எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்குதான். ஆனால் வாசலில் நின்ற என் காரில் ஒரு பேட்டரி இருந்தது.

நான் டாக்டர். திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் என் டிஸ்பென்சரி. காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய்வரவும், அழைத்த வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கவும் ஒரு கார் வைத்திருந்தேன். என் கைக்கு வருமுன்பே அது இரண்டு பேரிடம் உழைத்த வண்டி. மேலே இரும்புக் கூரை கிடையாது, மடக்கி வைக்கும் கித்தான் ஹூட்தான். காலை வேளையில் ஸ்டார்ட்டரை நம்ப முடியாது. முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால் இருமிவிட்டுக் கிளம்பும்.

வீட்டில் நானும் என் மனைவியும் என் அக்காவும். அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். சின்ன வயதில் கல்யாணமாகி, இருபது வயதுக்குள் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். அப்பாவும் அம்மாவும் போனபின் என்னோடு வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பு வீட்டுக்கு வாத்தியார் வந்து அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவள் பாடினால் அப்பா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். திரும்பி வந்தபின் அவள் பாடவில்லை. பாடாதே என்று யாரும் சொல்லவில்லை. பாடு என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியே பல வருஷங்கள் போய்விட்டன. கச்சேரிக்குக் கூப்பிட்டால், "நாலு பேர் பார்ப்பா, வேண்டாம்டா" என்பாள். வாசல் கதவு திறந்திருக்கும் சாயங்காலங்களில், பக்கத்து வீட்டு ரேடியோ பாடும்போது ரேழியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். முறத்தில் அரிசி இருக்கும், கை நின்றிருக்கும். இதை முதலில் கவனித்தவள் என் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ-இந்தியர் மதுரை ரோட்டில் தன் காரைப் புளியமரத்தில் மோதிவிட்டார். காறை எலும்பு முறிந்து என்னிடம் வந்தார். எலும்பு கூடிவர நாளாயிற்று, அதற்குள் நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். கட்டைப் பிரித்த அன்று அவருடைய ஆள் ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தான். காரில் வைத்திருந்த ரேடியோவாம். கார் போய்விட்டது, இது மட்டும் பிழைத்துக்கொண்டது, இனி கார் வாங்குகிற உத்தேசம் இல்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

பெட்டியைப் பின் சீட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் வைக்க முடியாதா என்று கேட்டாள். கார் பேட்டரியில் ஓடுவதற்கென்று செய்தது, காரில்தான் வைக்கவேண்டும் என்றேன்.

"அதுவும் நல்லதுதான்" என்றாள். "கச்சேரிக்குத்தானே அக்கா வரமாட்டேங்கறா. காத்தாடப் போகலாம்னா வருவா."

இதை அவள் சொல்லும்வரை எனக்கு அந்த யோசனையே இல்லை. தினமும் பாலத்தைத் தாண்டிப் போய்வரும்போது நான் பாட்டுக் கேட்கலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாலக்கரையில் பேட்டரி சார்ஜ் செய்து, ரேடியோ ரிப்பேரும் பார்க்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் வயது இருக்கும். சொன்னதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு பாலம் கடந்து வந்துவிட்டார். காரில் ரேடியோ வைத்ததில் தமக்குப் பழக்கம் குறைவு, இதுவரை கை வைத்ததெல்லாம் புதுக் கார்கள் என்று முதலிலேயே சொன்னார். இவ்வளவு பழைய வண்டியில் வைத்தால் பேசுமா என்பதைப் பார்க்க அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பெட்டியைப் பொருத்துவது சிரமமாக இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் முழங்காலுக்கு முன்னால் இடம் இருந்தது. மரப்பலகை ஒன்றை இழைத்து, அதில் பெட்டியைத் திருகி மாட்டினார். ஆனால் அலையைப் பிடிக்கிற ஏரியல் கம்பி புளியமரத்தடியிலேயே போய்விட்டிருந்தது. புதிதாக ஒன்றை எங்கே கட்டுவது என்று பாய் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு கித்தான் ஹூட்டைத் தடவிப் பார்த்தார். இரும்புக் கூரையாக இருந்தால் உபயோகப்படாது, துணி என்பதால் இதற்குள்ளேயே கம்பியை ஓட்டிவிடலாம் என்றார். உட்பக்கத் துணியில் மெல்லிய செப்புக் கம்பியை வளைத்து வளைத்துத் தைக்கவேண்டும். தையற்காரர் யாரிடமாவது கொடுங்கள் என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "தையற்காரன் எதுக்கு? கழட்டி உள்ளே கொண்டு வா" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் நான் வெயிலில் ஹூட் இல்லாமல் போய்வந்தேன். அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் அந்தப் பெரிய கித்தானை விரித்து, கோணி ஊசியால் கம்பியைத் தைத்தாள். கம்பியும் கம்பியும் தொடக்கூடாது என்று பாய் சொல்லியிருந்தார். பூத்தையல் போடுகிறவள் கைக்கு அது பெரிய காரியமில்லை. கிழிந்திருந்த இடங்களையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். மறு ஞாயிற்றுக்கிழமை வந்த பாய் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான வேலையை மேலே மறைச்சு வைக்கிறதுதான் வருத்தமா இருக்கு" என்றார்.

ரேடியோ பேசியது. பெட்டிக்குள் வால்வுகள் சூடேறச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு நாகஸ்வரம் வந்தது. வீதியில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் எஞ்சினைக் கிளப்பினேன். நாகஸ்வரத்தின்மேல் படபடவென்று பொரிகடலை வறுக்கிற சத்தம் விழுந்தது. எஞ்சினை நிறுத்தினால் சங்கீதம், கிளப்பினால் பொரிகடலை.

பாய் அதை எதிர்பார்த்திருந்தார். எஞ்சினில் தீப்பொறி விழும்போதெல்லாம் ரேடியோ அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று எனக்கு விளக்கினார். அதை அடக்குவதற்கென்று விரல்நுனி அளவு குப்பிகள் சில பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு பிளக்கிலும் ஒன்றை மாட்டியதும் பொரிகிற சத்தம் போய்விட்டது. ஆனால் அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் இப்போது வெளியே வந்தது. கொசு காதருகில் பாடுவது போல ஒரு நீண்ட ரீங்காரம்.

பாய் முகம் சுளித்தார். இது ரேடியோவுக்குள்ளிருந்தே வருகிறது என்பது அவர் எண்ணம். பேட்டரியின் மின்சாரத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற ஒரு சாமான் உள்ளே அதிர்ந்துகொண்டே இருக்கும், மரத்தில் மோதியதில் அது கெட்டிருக்கலாம், அப்படியானால் பெட்டியைக் கழற்றி மதராஸுக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார். யுத்த காலம். போன சாமான் எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. திருப்புளியை எடுத்துக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அக்கா வாசற்படி இறங்கி வந்தாள். பகல் வெளிச்சத்தில், வேற்று மனிதர் நிற்கும்போது அவள் வீதிக்கு வந்து நான் பார்த்ததில்லை. பின் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக விடு என்றாள். விட்டேன். குறை என்றாள். குறைத்தேன். மறுபடி கூட்டச் சொன்னாள். பிறகு பாயைப் பார்த்துக் கேட்டாள்:

"பெட்டிக்குள்ளேர்ந்து வர சத்தம்னா ஒரே ஸ்ருதியிலேன்னா நிக்கணும்? இது எஞ்சினோட சேர்ந்து ஏறறது, எஞ்சினோட சேர்ந்தே இறங்கறது."

பாய் திருப்புளியைக் கையில் வைத்தபடியே, இன்னொரு தடவை கூட்டுங்க என்று எனக்குச் சைகை செய்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"ஆமாங்கம்மா. அப்ப இது டைனமோ. நான் பெட்டியையே கேட்டுக்கிட்டிருந்தேன், வண்டியைக் கேக்கலை."

எஞ்சினோடு சுற்றிப் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் அந்த டைனமோவில், சத்தத்தை அடக்குகிற ஒரு கண்டென்சரை மாட்டியதும் கொசு அடங்கிவிட்டது. லேசாக ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று அக்கா சொன்னாள். எனக்கும் பாய்க்கும் அது கேட்கவில்லை. மனைவி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். பெட்டி மாட்டிய இடத்திலேயே இருந்தது. அதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்பென்சரியைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மனைவி என் பக்கத்தில், அக்கா பின்னால். பக்கவாட்டுத் திரைகளை அவள் கேட்காமலே மனைவி இறக்கிவிட்டிருந்தாள். காவேரிப் பாலம் வரை போய்த் திரும்பினோம். பாதியில் நின்ற மொட்டைக் கோபுரத்தின் வாசலுக்குள் நுழைந்தபோது அந்தக் கருங்கல்லுக்கு நடுவில் பாட்டு அமுங்கிப் போயிற்று. வெளியே வந்ததும், நாங்கள் கேட்காத இரண்டு வரிகளைத் தாண்டி அது பாடிக்கொண்டிருந்தது. நடுவில் என்ன பாடியிருப்பார்கள் என்று மனைவி கேட்டாள். அக்கா அந்த இரண்டு வரிகளையும் சொன்னாள். பாடவில்லை, பேசுவது போலச் சொன்னாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் இது வழக்கமாயிற்று. டாக்டர் பெட்ரோலை வீணாக்குகிறார் என்று வீதியில் யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. கூப்பன் அளவாகத்தான் கொடுத்தார்கள். ஆகவே தூரம் போவதை விட்டுவிட்டு, கொள்ளிடக்கரையில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்போம். ஆற்று மணலில் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். என் மனைவிக்குச் சங்கீதத்தில் ஒன்றும் தெரியாது. ராக ஆலாபனை தொடங்கியதும் அவள் தலை என் தோளுக்கு வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண்மணி பைரவி பாடிக்கொண்டிருந்தார். அனுபல்லவி முடியும் சமயத்தில் குரல் சன்னமாகத் தொடங்கியது. நான் குமிழைத் திருகினேன். இன்னும் சன்னமாயிற்று. எஞ்சின் ஓடாததால் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் முகத்திலிருந்த சின்ன விளக்கு சிவந்து, மங்கி, அணைந்துவிட்டது. சரணத்துக்குப் போகும் இடத்தில் பாட்டு நின்றது.

நான் இறங்கி ஹாண்டிலைச் சுற்றலாம் என்று கதவில் கை வைத்தேன். அப்போது பின் சீட்டிலிருந்து சரணம் வந்தது.

முதல் வரியில் குரல் கரகரத்தது. இரண்டாம் தடவை அதே வரியை எடுத்தபோது அந்தக் கரகரப்பைத் தாண்டிவிட்டது. நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். மனைவி விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் முன்னால் தெரிந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பினால் நிறுத்திவிடுவாள் என்று எங்களுக்குத் தோன்றியது. அவள் அவசரப்படவில்லை. சரணத்தை முடித்து, பல்லவிக்குத் திரும்பி, அதை இரண்டு மூன்று விதமாகப் பாடிவிட்டு நிறுத்தினாள்.

பிறகு அக்காவே, "மேல் ஸ்தாயி போகலை. சாதகம் விட்டுப்போச்சு" என்றாள். துக்கமாகச் சொல்லவில்லை. சமையலில் உப்புக் குறைவு என்று சொல்வது போலச் சொன்னாள்.

"நாளைக்குப் பாடினா போகும்" என்றாள் என் மனைவி.

நான் இறங்கி ஹாண்டிலைச் சுற்றினேன். வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றவேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் பின்கட்டிலிருந்து ஸ்வரம் பாடும் குரல் கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள் வந்து, தன் பெண்ணுக்கு அக்கா நாலு பாட்டுச் சொல்லிக்கொடுப்பாளா என்று மனைவியிடம் ரகசியமாகக் கேட்டாளாம். என்னையே கேளுங்களேன் என்று அக்கா உள்ளேயிருந்து பதில் சொன்னாளாம். முதலில் அந்தப் பெண், பிறகு அவளுடைய சிநேகிதி, பிறகு வடக்குச் சித்திரை வீதியிலிருந்து இரண்டு பேர். பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுக்கப் போனபோது பாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தக் காது சும்மா இருக்கக்கூடாதுன்னு நான் அன்னிக்கே நெனச்சேன் என்றார்.

பெட்ரோல் கட்டுப்பாடு இன்னும் இறுகி, வெள்ளிக்கிழமைப் பயணம் அபூர்வமாயிற்று. அக்கா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளுக்கு நேரமும் இல்லை. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அக்கா தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தப்பாகப் பாடியவளை மறுபடி பாடச் சொல்வாள். நான் செருப்பை ஓசைப்படாமல் கழற்றிவிட்டு, பாடம் முடிகிறவரை காபி கேட்காமல் ரேழியிலேயே உட்கார்ந்திருப்பேன்.