மூன்றில் ஒரு பங்கு

நான் கணக்கு எழுதிய கம்பெனிக்கு வியாபாரம் கிடையாது. சரக்கு கிடையாது, கடை கிடையாது, வாடிக்கையாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது. துபாயில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த இரண்டு மேசைகள், நான், எங்கள் சார், அவ்வளவுதான். சொந்த ஊரான தூத்துக்குடியில் யாராவது "என்ன கம்பெனி?" என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். விளக்கிச் சொன்னாலும் சீட்டுக் கம்பெனி என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். நியூயார்க் பங்குச் சந்தையில் முதலில் பணத்தைத் திரட்டுவது, அதைத் தனிக் கணக்கு ஒன்றில் பூட்டிவைப்பது, பிறகு நன்றாக நடக்கிற கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்து அதோடு இணைந்துவிடுவது. இணைந்தால் அந்தக் கம்பெனிக்குப் பணமும் வரும், சந்தையில் பெயரும் வரும். குறித்த தவணைக்குள் யாரும் அகப்படாவிட்டால் பூட்டிய பணத்தை வட்டியோடு பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்த வேண்டியதுதான். மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்து, நாளும் குறித்துவிட்டு அதன்பிறகு பெண் தேடக் கிளம்புகிற கல்யாணம் இது.

பூட்டிய பணத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. வக்கீல் கட்டணம், தணிக்கைக் கட்டணம், மேசை வாடகை, என் சம்பளம் எல்லாம் சார் தன் கையிலிருந்து கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்த பணத்தில் ஓடின. ஒரு கணக்கில் மலை மாதிரிப் பணம் கிடக்கும். பிரிண்டருக்கு மை வாங்க நான் சாரிடம் இரண்டு தடவை கேட்க வேண்டும். ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்களே, அந்தக் கதைதான்.

சென்னைக்காரரான சார் கெட்டவர் இல்லை. பெரிய வங்கியில் இருந்துவிட்டு, இனி சொந்தமாக ஏதாவது செய்வோம் என்று இறங்கியவர். தவணையை இரண்டு முறை நீட்டிவிட்டார். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் அவர் பணம் கட்டினார், பங்குதாரர்களில் ஒரு பகுதியினர் பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார்கள். மூன்றாவது முறை நீட்ட வேண்டுமானால் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்றைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் சம்மதிக்கமாட்டோம் என்று மிச்சமிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் அந்தத் தவணைதான் தவணை. என் கணவருக்கு ஃபுஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் இடத்தில் வேலை. அவருடைய கம்பெனி அவருக்கு மட்டும்தான் விசாவும் படுக்கையும் கொடுத்திருந்தது. அஜ்மானில் எங்கள் வீட்டு வாடகை என் சம்பளத்தில், மகளின் விசா என் விசாவில். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கம்பெனி மூடினால் அவள் பரீட்சைக்கு முன்பே வீடு கலைந்துவிடும். காலையில் ஷார்ஜா நெரிசலில் கார் நின்று நின்று நகரும்போது எனக்கு வேறு நினைப்பே ஓடாது.

அப்படி இருக்கும்போதுதான் காக்கா வந்து சேர்ந்தார். அண்ணனைக் காக்கா என்றழைக்கும் கீழக்கரை முஸ்லிம், ஷார்ஜாவில் மீனும் காய்கறியும் குளிரில் வைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற வியாபாரம். அவருடைய தம்பி குவைத்தில் ஃபர்வானியா கிளையைப் பார்த்துக்கொண்டார். நன்றாக நடக்கிற தொழில், ஆனால் புதிய குளிர்க் கிடங்கு கட்டி வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் பணம் இருந்தது, தொழில் இல்லை. அவரிடம் தொழில் இருந்தது, பணம் இல்லை. சார் அன்றைக்கு எனக்கும் சேர்த்து பிரியாணி வரவழைத்தார்.

முதல் நாளே காக்கா ஒரு டப்பா தொதல் அல்வா கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பூட்டிய கணக்கைப் பற்றி நான் விளக்கியபோது அவருக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அடுத்தவுக காசு, நம்மகிட்ட இருக்கு, தொடக் கூடாது. அமானிதம். அதானே தங்கச்சி?"

வக்கீலுக்கு அரைப் பக்கம் தேவைப்பட்ட விஷயம் அது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய கணக்கைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. சுத்தமான கணக்கு. ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. மாதாமாதம் ஊருக்கு ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது, 'வீட்டுச் செலவு' என்ற தலைப்பில். லாபம் ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. எந்த வீட்டுச் செலவு மீன் விலையைப் பார்த்து ஏறி இறங்கும்? கேட்டேன்.

அவர் மறைக்கவெல்லாம் இல்லை. "அது என் கூட்டாளி வீட்டுக்கு. நாங்க மூணு பேரு சேந்து ஆரம்பிச்சது. நான், என் தம்பி, அவரு. ஃபர்வானியா கடையில நெஞ்சு வலின்னு உக்காந்தவரு அப்படியே மவுத்தாப் போயிட்டாரு. மூணுல ஒரு பங்கு அவரு பொஞ்சாதி புள்ளைகளுக்கு. இன்னைக்கு வரைக்கும் போகுது."

"லைசென்ஸ்ல அவங்க பேரு இல்லையே, காக்கா."

"பேரு எதுக்கு? எனக்குத் தெரியும், என் தம்பிக்குத் தெரியும், அவுகளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

அந்தக் கடற்கரை ஊர்களின் வியாபாரம் இப்படித்தான். வாய்ச் சொல்லில் பங்கு பிரிப்பார்கள், அதை ஒரு காசு பிசகாமல் கொடுத்தும் வருவார்கள். அதே கரையில் பிறந்த எனக்கு அது புதிதில்லை. ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் பங்குதாரருக்கு 'ஊருக்கே தெரியும்' என்றால் என்ன புரியும்? சாரிடம் சொன்னேன்.

"இப்ப போய் மூணாவது ஓனர்னு சொன்னா ஆடிட் முதல்லேர்ந்து பண்ணணும் மேடம். டயமே இல்ல. அந்த லேடி எந்தப் பேப்பர்லயும் இல்ல. இது ஒரு சாரிட்டி. அவ்ளோதான்."

சாரிட்டி என்ற சொல் எனக்குக் கசந்தது. ஆனால் மகளின் பள்ளிக் கட்டணம் அந்த வாரம்தான் கட்டியிருந்தேன்.

கையெழுத்து நாள் வந்தது. ஒப்பந்தத்தின் பின்னால் ஓர் உறுதிமொழி இருந்தது: எங்கள் இருவரைத் தவிர இந்த நிறுவனத்தில் வேறு எவருக்கும் எந்தப் பங்கும் உரிமையும் இல்லை, எழுத்திலும் இல்லை, வாய்மொழியிலும் இல்லை. அந்தக் கடைசிச் சொற்களை வக்கீல் தெரிந்தேதான் சேர்த்திருந்தார். தம்பி குவைத்தில் கையெழுத்திட்டு அனுப்பியாயிற்று. அண்ணன் சொன்னால் அவர் படித்தெல்லாம் பார்க்கமாட்டார்.

லிஃப்ட் பக்கத்தில் சார் என்னை நிறுத்தினார். "லைன் பை லைன் படிக்க வேணாம் மேடம். பொதுவா சொல்லிடுங்க, போதும். உங்க டாட்டர் இந்த வருஷம் ட்வெல்த் இல்ல?"

மிரட்டல் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

காக்கா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் எதிரில் வக்கீல், ஓரத்தில் சார், பக்கத்தில் நான். கட்டு கட்டாகக் காகிதங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்திட்டுக்கொண்டே வந்தார், நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தேன். உறுதிமொழிப் பக்கம் வந்ததும் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல மட்டும் எழுத்து பெருசா இருக்கு. என்ன போட்டுருக்கு, தங்கச்சி?"

சார் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் விரல் நகரவில்லை. 'வழக்கமான உறுதிமொழிதான் காக்கா' என்று சொன்னால் அவர் போட்டுவிடுவார். என்னை நம்பித்தான் கேட்டார். காகிதத்தை என் பக்கம் திருப்பினேன். பிறகு இருந்ததை இருந்தபடி சொன்னேன், வாய்மொழி என்ற சொல் உட்பட.

சார் தலை நிமிரவில்லை. காக்கா கைப்பேசியை எடுத்து ஊருக்கு அழைத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மறுமுனையில் கூட்டாளியின் மனைவி. பின்னால் கோழி சத்தம் கேட்டது.

"இங்க ஒரு பெரிய கம்பெனியோட சேர்றோம்மா. உன் பங்கு இல்லேன்னு ஒரு பேப்பர்ல எழுதியிருக்காக. பேப்பருக்குத்தான். உனக்கு வர்றது அப்படியே வரும். ஒண்ணும் மாறாது. சரியா?"

"நீங்க சொன்னா சரி காக்கா," என்றது அந்தக் குரல்.

வக்கீல் முகத்தில் நிம்மதி தெரிந்தது. காக்கா பேனாவைத் திறந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். மாதக் கடைசியில் கல்லாவைத் திறந்து மூன்றாகப் பிரிக்கிற பழக்கம் நாளைக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தார். நாளைக்குக் கல்லா அவருடையது இல்லை. பங்குதாரர் அல்லாத ஒருவருக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு காசு போகாது. காக்காவுக்குக் கிடைக்கும் புதுப் பங்குகளையும் ஒரு வருடத்துக்கு விற்க முடியாது. அது தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் பேசமாட்டார்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, இதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. மகள் முகம் வந்தது. இதோ ஒரு கையெழுத்து, அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"வராது காக்கா," என்றேன்.

குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உங்க சம்பளத்துல இருந்து நீங்க குடுக்கலாம். அது வேற. பங்கு வராது. இனிமே எப்பவும் கேக்கவும் முடியாது."

"மேடம்," என்றார் சார், மெதுவாக.

கைப்பேசி இன்னும் மேசைமேல் திறந்தே இருந்தது. அந்தம்மாவும் கேட்டிருக்கிறார். "யாரு காக்கா பேசுறது?" என்றார்.

"கம்பெனிப் புள்ளதான்."

"அவுக சொல்றது நெசமா?"

காக்கா சாரைப் பார்த்தார். சார் மேசையைப் பார்த்தார். காக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "நெசந்தாம்மா. அப்புறம் கூப்புடுறேன்," என்று அணைத்தார். பேனாவை மூடி வக்கீல் பக்கம் தள்ளினார்.

"மன்னிக்கணும் சார். இந்த பேங்க் கடன நான் எப்படியாச்சும் அடச்சுக்கிருவேன். அந்தக் கடன அடைக்க முடியாது."

போகும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நானே சொல்லிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

என் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் ஷிஃப்ட் முடிந்து களைத்திருந்தார்.

"அந்தப் பேப்பர்ல உள்ளதச் சொன்ன, சரி. அதுக்கு மேல எதுக்குட்டி வாயத் தொறந்த? அந்தப் பொம்பள உனக்கு யாரு?"

"யாருமில்ல."

"அப்ப நம்ம புள்ள யாரு?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆத்திரத்தில் நான் போனை வைத்துவிட்டேன்.

அதன்பிறகு வேலை வேகமாக முடிந்தது. பூட்டைத் திறந்து எல்லோருக்கும் பணத்தைத் திருப்பினோம். பங்குதாரர்களுக்கு அனுப்பும் அறிவிப்பை எழுதியதும் நான்தான். முழுத் தொகையும் வட்டியுடன் திரும்பக் கொடுக்கப்படுகிறது, பங்குதாரர் எவருக்கும் இழப்பு இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சார் கடனாகப் போட்டது போனது போனதுதான், அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் கடைசிச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

வேறு வேலை தேடினேன். கிடைக்கவில்லை. அஜ்மான் வீட்டைக் காலி செய்வது என்று முடிவாயிற்று. மகளுக்கு விசிட் விசா எடுத்து, பரீட்சை முடியும்வரை அவளுடைய வகுப்புத் தோழி வீட்டில் விடுவது. நான் தூத்துக்குடிக்கு. அவர் ஃபுஜைராவில். மகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "இட்ஸ் ஓகே அம்மா," என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அந்த இட்ஸ் ஓகேவை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் காக்கா அழைத்தார். இரண்டு குளிர் வண்டிகளை விற்று வங்கிக்குக் கட்டியிருக்கிறாராம். கிடங்கையும் விலை பேசிக்கொண்டிருக்கிறாராம்.

"கஷ்டந்தான் தங்கச்சி. ஆனா இந்த மாசம் பங்கு போயிருச்சு. லாபம் கொறச்சல், அதனால கொறச்சலாப் போச்சு. போயிருச்சுன்னு உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. நீங்க எப்படி இருக்கீக? ஆபீஸ்ல எல்லாம் சரிதானே?"

அவருக்குத் தெரியவில்லை. தன்னோடு சேராவிட்டால் நாங்கள் இன்னொருவரோடு சேர்ந்துகொள்வோம் என்று நினைத்திருக்கிறார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மாதம் மூன்றாகப் பிரிந்தது நான்காகப் பிரிந்திருக்கும், அவர் அப்படிப்பட்ட ஆள். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அந்தம்மா மேலும் வந்தது. மாதம் பிறந்ததும் அந்தம்மா வீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. என் பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாம் சரிதான் காக்கா," என்றேன்.

போனை வைத்ததும் மகள் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே யார் என்று கேட்டாள். தெரிந்தவர் என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒட்டினாள்.