அண்ணனை ஓட்ட வந்த பெட்டி

பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாக அரக்கு உருகும் வாடை வந்தது. கருவாட்டு வாடையிலேயே வளர்ந்த தேவிபட்டினத்து மூக்குக்கு அது எமலோகத்து வாடை. வீரமும் கால்சட்டையும் சேர்ந்தே நழுவுகிற வயது எனக்கு.

நாடு சுதந்திரமடைந்து முதல் தேர்தல். முந்தின நாள் சித்தப்பா வாசலில் நின்று, "மதினி, நாளைக்கு ஓட்டு. வெள்ளன குளிச்சிட்டு வந்துருங்க" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த "ஓட்டு" ஒன்றுதான்: கோடாங்கி உடுக்கடித்துப் பேயை ஓட்டுவது. கடலுக்குப் போன அண்ணன் திரும்பாத நாளிலிருந்து, அம்மா அவனுக்கும் ஒரு வட்டிலில் சோறு வைத்து, அவன் உட்காரும் வெறும் பலகையோடு, "நம்பு, சாப்பிடுய்யா" என்று பேசிக்கொண்டிருந்தாள். "மகன் அவ மேல இறங்கிட்டான், ஓட்டணும்" என்று தெருவில் கிசுகிசுத்தார்கள்.

சித்தப்பாவைத் துரத்திப் பிடித்தேன். "ஓட்டை என்ன செய்வாக?"

"பெட்டிக்குள்ள போட்டு, அரக்கு வச்சு, ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோயிருவாக."

"திரும்பி வராதா?"

"ஏலே கிறுக்குப் பயலே, போட்ட ஓட்டு எங்கனயாச்சும் திரும்பி வருமா?"

பேயாகவே இருந்தாலும் அவன் என் அண்ணன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தேர்தல் அதிகாரி அம்மாவின் விரலில் மை வைத்தார். கோடாங்கியும் மை போட்டுத்தானே பார்ப்பான்! சேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "எங்க அண்ணனை ஓட்டாதீக!" என்று அலறினேன். கால்சட்டை நனைந்தது தனிக்கதை. சிரிக்கத் தொடங்கிய போலீஸ்காரர், வரிசையில் நின்ற பெண்கள் அடங்கிப்போனதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அதுவரை அம்மா முன்னால் யாரும் அண்ணன் பேச்சை எடுத்ததில்லை.

"அவனை யாருய்யா ஓட்ட முடியும்?" என்று என் தலையைத் தடவிவிட்டு அம்மா மறைப்புக்குள் போனாள். அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு படம். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

"எதுல மதினி போட்டீக?" சித்தப்பா காதோடு கேட்டார்.

"படகு நின்ன பெட்டியில. எம்புள்ள கரை சேரட்டும்னு நேந்துக்கிட்டேன்."

"அட, அந்தாளு செயிக்கவே மாட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சித்தப்பா.

அன்று மத்தியானம் அம்மா எனக்கு மட்டும் சோறு வைத்தாள். "அண்ணனுக்கு?" என்றேன். "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சுய்யா" என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது: ஓட்டிவிட்டார்கள். பிறகு வெகுநாள், தையல்காரர் வீட்டு டிரங்குப் பெட்டி உட்பட, கண்ணில் பட்ட இரும்புப் பெட்டியில் எல்லாம் காதை வைத்து "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன்.

கல்லூரியில் ஆங்கில வாத்தியார் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். லத்தீனில் "வோட்டும்" என்றால் சாமிக்கு நேர்ந்துகொள்வதாம். ஆங்கிலேயன் வாயில் அது ஆளைத் தேர்ந்தெடுப்பதாக மாறி, கப்பலேறி, நம் கரையில் இறங்கும்போது "வ"வைக் கடலில் போட்டுவிட்டு "ஓட்டு" ஆகிவிட்டதாம். வகுப்பே கொட்டாவி விட்டது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரோமாபுரிக்காரன் அர்த்தத்தில் ஓட்டுப் போட்டவள், நானறிந்து, எங்கள் அம்மா ஒருத்திதான்.

இப்போது, இந்த எழுபதுகளில், எல்லோருக்கும் ஒரே பெட்டி, நீளச் சீட்டு, ரப்பர் முத்திரை. படம் ஒட்டிய பெட்டிகள் போயின, அம்மாவும் போய்விட்டாள். தோற்றுப்போன அந்தப் படகுக்காரரின் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் என்னைத் தவிர ஆளில்லை. மறைப்புக்குள் தனியாக நிற்கையில், "நம்பு" என்று ஒருமுறை மெல்லக் கூப்பிட்டுவிட்டுத்தான் முத்திரையைக் குத்துகிறேன்.